ஜூல் நேட்64: மாற்றித் தருவதில் கெட்டி, காவல் மட்டும் நம் பொறுப்பு

லினக்ஸில் நேட்64 (ஐபிவி6 முகவரியை ஐபிவி4 ஆக மாற்றித் தரும் வசதி) வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் ஜூலைத்தான் சொல்வேன். நிக் மெக்சிகோ முன்னின்று எழுதிய திறந்த மூல மென்பொருள் இது. ஐபிவி6 மட்டும் உள்ள கருவியிலிருந்து பழைய ஐபிவி4 சர்வருக்குப் போகும் பாக்கெட்டைக் கெர்னலுக்குள்ளேயே (இயங்குதளத்தின் மையப் பகுதி) மாற்றி அனுப்புகிறது. ஆறு மாதமாக ஓடுகிறது, ஒரு தடவைகூட நிற்கவில்லை, வேகத்திலும் குறை இல்லை.

ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் பொதிந்து அனுப்பும் டனல் வகைகளை விட்டு இதற்கு வந்ததற்குக் காரணம் உண்டு. அனுப்புவது யார் என்று பார்க்காமலே டனல் பாக்கெட்டை ஏற்றுக்கொள்ளும் கருவிகள் இணையத்தில் 40 லட்சத்துக்கும் மேல் இருப்பதாக 2025 ஜனவரியில் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள், அதற்குப் பிறகும் அந்தக் கதவைத் திறந்துவைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, இப்போது ஃபயர்வால் விஷயம், இதைப் படிக்காமல் ஜூலைப் போடாதீர்கள். நான் ஃபார்வர்டு செயினில் (பெட்டி வழியாகக் கடந்து போகும் பாக்கெட்டைப் பார்க்கும் ரூல் பட்டியல்) தடுக்கும் ரூல் எழுதிவிட்டுச் சோதித்தால், ரூலில் சிக்கிய பாக்கெட்டை எண்ணும் கவுண்டர் பூஜ்யத்திலேயே நிற்கிறது, இணைப்போ தாராளமாகப் போகிறது! லினக்ஸ் ஃபயர்வாலின் அடித்தளமான நெட்ஃபில்டர் முறையில் ஜூல் பாக்கெட்டை அது உள்ளே வந்த உடனே, ப்ரீரூட்டிங் கட்டத்திலேயே பிடித்து மாற்றி வெளியே அனுப்பிவிடுவதால் ஃபார்வர்டு செயின் அதைப் பார்ப்பதே இல்லை. ஒளிவுமறைவு எதுவும் இல்லை, ஆவணத்தில் இருக்கிறது, ஆனால் அவசரத்தில் அமைப்பவர் கண்ணில் படாது. தீர்வு, ஜூலைத் தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸில் (அதே கணினிக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்) வைப்பது. அப்போது அதே பாக்கெட் ஹோஸ்ட்டின் ஃபார்வர்டு செயினை ஐபிவி6 ஆக ஒரு முறை, ஐபிவி4 ஆக ஒரு முறை கடக்கும், இரண்டு இடத்திலும் ரூல் எழுதலாம்.

அந்த இரண்டாவது இடம், அதாவது ஐபிவி4 பக்கம், ரொம்ப முக்கியம். நேட்64 முகவரியின் 96 பிட் முன்னொட்டுக்குப் பின்னால் வரும் 32 பிட்தான் ஐபிவி4 முகவரி. அதில் 10.0.0.5 போன்ற தனியார் (உள் நெட்வொர்க்) முகவரியை யாரும் எழுதலாம், அப்படி எழுதினால் பாக்கெட் ஜூல் பெட்டியின் முகவரியோடு உள் சர்வரின் வாசலில் போய் நிற்கும், நம் ஆள்தானே என்று சர்வரும் உள்ளே விட்டுவிடும். எல்லோருக்கும் பொதுவான முன்னொட்டில் தனியார் முகவரி வரக் கூடாது என்று ஆர்எஃப்சி 6052 என்ற இணைய விதி ஆவணம் சொல்கிறது, நீங்களே தேர்ந்தெடுத்த முன்னொட்டுக்கு அந்த விதியும் கிடையாது. அதனால் 10, 172.16, 192.168, 127, 169.254 எல்லாவற்றையும் ஐபிவி4 பக்கத்தில் நாமே அடைத்துவிட வேண்டும்.

அப்புறம், பூல்4 (ஜூல் வெளியே பயன்படுத்தும் ஐபிவி4 முகவரி, போர்ட் பட்டியல்) காலியாக இருந்தால் 61001 முதல் 65535 வரையிலான போர்ட்களை மட்டும்தான் ஜூல் எடுத்துக்கொள்ளும். வைரஸ் புகுந்த ஒரே ஒரு கருவி அத்தனையையும் தின்றுவிட்டு மற்றவர்களைப் பட்டினி போட்டுவிடும், தனி முகவரி கொடுத்து அகலமாகத் திறந்துவிடுங்கள். திறந்த போர்ட்டுக்கு வெளியிலிருந்து வேறு யாரும் பாக்கெட் அனுப்பாமல் தடுக்கும் வசதி உண்டு, முன்னிருப்பாக அது அணைந்திருக்கிறது, நான் போட்டுவிட்டேன்.

ஐபிவி4 மட்டும் உள்ள தளப் பெயருக்கு ஐபிவி6 முகவரியைச் செயற்கையாக உருவாக்கிக் கொடுக்கும் டிஎன்எஸ்64 இதில் வராது, அன்பவுண்டு என்ற டிஎன்எஸ் மென்பொருளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். டிஎன்எஸ்செக்கை (டிஎன்எஸ் பதில் உண்மையானதுதான் என்று காட்டும் கையொப்பம்) தானே சரிபார்க்கும் கருவிகள் அந்தச் செயற்கை பதிலை நிராகரிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நேம்ஸ்பேஸ் எல்லாம் தலைவலி, இருப்பதே நாலைந்து கருவி என்றால் டைகா என்ற இன்னொரு நேட்64 மென்பொருள் போதும். வேகம் குறைவு, பலர் ஒரே முகவரியைப் பகிர இன்னொரு நேட்டும் தேவை, ஆனால் டன் என்ற மெய்நிகர் நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் வழியாகப் போவதால் ஃபார்வர்டு செயினில் எழுதிய ரூல் அப்படியே வேலை செய்யும்.