அரை மணித்தியாலத்தில் கறுப்பது மருதோண்டி இல்லை: பதினான்கு வருடம் தலைக்குப் பூசிய அனுபவம்

போன மாதம் சட்டை தைக்க வந்த ஒரு பிள்ளை கைப்பையிலிருந்து ஒரு பைக்கற்றை எடுத்துக் காட்டினாள். "அன்ரி, இது கெமிக்கல் இல்லாத கறுப்பு மருதோண்டியாம். அரை மணித்தியாலத்தில நல்லாக் கறுக்குமாம். அம்மாவுக்கு வாங்கினனான்" என்றாள். எனக்கு நெஞ்சு திக்கென்றது. அப்படி ஒரு பைக்கற்றால்தான் 2018இல் இரண்டு கண்ணும் திறக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளை இருத்தி வைத்துச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

எனக்கு இப்போது 48 வயது. கிளிநொச்சியில், பரந்தனுக்குக் கிட்ட இருக்கிறேன். தையல்தான் தொழில். முதல் நரையைக் கண்டது 2009இல், செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில். பேன் பார்த்துக்கொண்டிருந்த அக்காதான் ஒன்றைப் பிடுங்கிக் கையில் தந்தார். அந்த நேரம் அதைப்பற்றி யோசிக்க யாருக்கு மனம் இருந்தது? ஊருக்குத் திரும்பி, தகரக் கொட்டிலில் மெசினைப் போட்டு நாலு பேர் வரத் தொடங்கிய பிறகு, 2011இல்தான் முதல் தடவை டை அடித்தேன். அதற்குள் முன்பக்கம் பாதி வெளுத்துவிட்டது.

தொடக்கத்தில் தூள் டைதான். எந்தப் பெட்டிக்கடையிலும் தோரணமாகத் தொங்கும் சின்னப் பைக்கற். தண்ணீரில் குழைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் பூசி, அரை மணித்தியாலத்தில் தோய்ந்துவிடலாம். விலையும் மலிவு. கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. ஆனால் தலைமயிர் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளரும். மை போலக் கறுத்த தலையில், மூன்றாம் கிழமையே வகிட்டில் வெள்ளைக் கோடு போட்ட மாதிரித் தெரியத் தொடங்கிவிடும். இயற்கையாக நரைத்த தலையில் யாரும் அந்தக் கோட்டைப் பார்க்க மாட்டார்கள், டை அடித்த தலையில் எல்லோரும் பார்ப்பார்கள். அதனால் கிழமைகள் சுருங்கிக்கொண்டே வந்தன. 25 நாளுக்கு ஒரு தடவை என்றிருந்தது, நல்லநாள் பெருநாள் வந்தால் 15 நாளாகும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகும் முதல்நாள் இரவு அடித்துவிட்டு, வைகாசி வெயிலில் பிடரி கடிக்கக் கடிக்க நின்றது நினைவிருக்கிறது. அந்தக் கடியை நான் வேர்வைக்கடி என்றே நினைத்தேன்.

பிறகு பெட்டியில் வருகிற கிரீம் டை. இரண்டு ரியூப் இருக்கும்: ஒன்றில் நிறம், மற்றதில் ஐதரசன் பேரொட்சைட்டு. அமோனியா மயிரின் மேல் செதிலைத் திறந்துவிடும். பேரொட்சைட்டு உள்ளே போய், இருக்கிற நிறத்தைக் கொஞ்சம் வெளுக்க வைத்து, புது நிறம் உள்ளுக்குள்ளேயே உருவாக வழி செய்யும். அதனால்தான் தோய்ந்தாலும் போகாது. தூள் டையை விட இது மென்மையாக, கபிலம் கலந்த கறுப்பாக வந்தது. அதற்கு வேரும் அவ்வளவு வெளிச்சம் போடாது. கறுப்புத்தான் வேண்டுமென்று நிற்காமல் கடும் கபிலம் எடுத்தால் ஒரு கிழமை கூடுதலாகத் தாங்கலாம், இது காசு கொடுத்துப் படித்த பாடம்.

பார்லருக்குப் போனது 2016, 2017இல். மகள் படிப்பு முடித்து வந்த சந்தோசத்தில் இரண்டு பேருமாகப் போனோம். அங்கே வேலை செய்த பிள்ளையின் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தலையை நாலு பங்காகப் பிரித்து, நரை பிடிவாதமாக நிற்கிற கன்னத்தோரத்திலும் நெற்றியோரத்திலும் முதலில் பூசி, பழைய டை இருக்கிற நுனியைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும் தொட்டாள். வீட்டில் நாங்கள் செய்கிற பெரிய பிழை வேரிலிருந்து நுனிவரை ஒவ்வொரு முறையும் இழுப்பது. நுனி தும்பாவது அதனால்தான். "20 வொலியூம்" என்று அவள் சொல்வது ஆறு வீதப் பேரொட்சைட்டு, நரை மறைக்க அது போதும். மகள் கேட்ட சிவப்புத் திராட்சை நிறத்துக்கு முதலில் பிளீச் பண்ண வேண்டும் என்றாள். எங்கள் மாதிரிக் கருமயிரில் பளிச்சென்ற நிறம் எதுவும் வெளுக்காமல் ஏறாது. மகளின் மயிர் அதன் பிறகு ஒரு வருடம் வைக்கோல் மாதிரிக் கிடந்தது. நிறம் வடிவாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் மாதாமாதம் பார்லருக்குக் கொடுக்கிற காசு தையல் காசில் பெரிய துண்டு.

சரி, அந்தப் பைக்கற்றுக்கு வருகிறேன்.

டையை விட்டு இயற்கைக்கு மாறுவோம் என்று நல்ல எண்ணத்தோடுதான் அதை வாங்கினேன். அட்டையில் பச்சை இலை. பெரிய எழுத்தில் மருதோண்டி. குழைத்தால் கறுத்தது, 20 நிமிடத்தில் தலையும் கறுத்தது. அன்றிரவு காதுக்குப் பின்னால் அரிப்பு. விடிய நெற்றியோரம் நீர் கோத்துக் கொப்பளம். மத்தியானம் இமை இரண்டும் வீங்கி மூடிவிட்டது. ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி "பைக்கற் இருக்கா?" என்பதுதான். மகன் ஓடிப்போய்க் குப்பையில் கிடந்ததை எடுத்து வந்தான். பின்பக்கம், எறும்பெழுத்தில், பரா-பீனிலீன்டையமீன் என்று இருந்தது. சுருக்கமாகப் பி.பி.டி.

டொக்டர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. நான் ஏழு வருடம் பூசிய தூள் டையிலும் கிரீம் டையிலும் இருந்தது அதேதான். பெரும்பாலான நிரந்தரக் கடும் டைகளில் அதுதான் கறுப்பைத் தருகிறது. ஒத்துக்கொண்டு வந்த உடம்பு ஒருநாள் திடீரென்று ஏற்காமல் விடலாம், ஒருமுறை ஏற்காமல் விட்டால் பிறகு ஆயுளுக்கும் ஏற்காது. அந்தப் பொங்கல் நாள் கடி வேர்வைக்கடியாக இருந்திருக்காது. "அமோனியா இல்லை" என்று பெட்டியில் போட்டிருப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அமோனியா இல்லாத பெட்டியிலும் பி.பி.டி. இருக்கலாம். அதற்குப் பதிலாக வேறு ஒன்று போட்ட டைகளும் வருகின்றன, பி.பி.டி. ஏற்காத பலருக்கு அதுவும் ஏற்காது.

மருதோண்டி இலையில் இருக்கிற சாயத்துக்கு லோசோன் என்று பெயர். அது மயிரில் இருக்கிற கெரட்டினோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் தரக்கூடியது செம்மஞ்சளும் செங்கபிலமும்தான். நரையில் பூசினால் செம்பு நிறம். கறுப்பு அதில் இல்லவே இல்லை. தனி மருதோண்டி என்று சொல்லி எவராவது கறுப்புத் தந்தால், அதற்குள் வேறு ஏதோ இருக்கிறது. நீலச்சாயம் தருகிற அவுரி என்ற செடியின் இலைத்தூள் கலந்ததென்றால் அவ்வளவு விரைவில் கறுக்காது.

ஆறு மாதம் தலையை அப்படியே விட்டேன். 2019இல் காதுக்குப் பின்னால் பூசிப் பார்த்து, இரண்டு நாள் பொறுத்து, ஒன்றும் ஆகாததால் தொடங்கியதுதான் மருதோண்டியும் அவுரியும். ஆறு வருடத்துக்கு மேலாகிவிட்டது, இன்றைக்கும் அதுதான்.

மருதோண்டி எங்கள் வேலியிலேயே நிற்கிறது. இலையை நிழலில் காயவைத்து அரைத்து, துணியால் அரிப்பேன். அவுரித்தூள் இந்தியாவிலிருந்து வருவது, யாழ்ப்பாணம் போகிறவர்களிடம் சொல்லி எடுப்பேன். வாங்கும்போது அட்டையில் ஒரு இலையின் பெயரைத் தவிர வேறொன்றும் இருக்கக்கூடாது. சனிக்கிழமை இரவு மருதோண்டித்தூளை ஆறிய தேயிலைச் சாயத்திலும் ஒரு தேசிக்காய்ச் சாற்றிலும் குழைத்து மூடி வைப்பேன். புளிப்பில் சாயம் மெல்ல இறங்கும். விடிய மேற்பரப்பு கபிலமாக மாறியிருந்தால் பதம். வேருக்குப் பூசி, சொப்பிங் பையால் மூடி மூன்று மணித்தியாலம். அம்மாவுக்கு இது பிடிக்காது, தடிமன் பிடிக்கும் என்று திட்டுவார். அதற்காக வெயில் ஏறிய பிறகுதான் பூசுகிறேன், மாரியில் பின்னேரம் தொடவே மாட்டேன்.

கழுவியதும் நரை எல்லாம் செம்பருந்து இறகு போல இருக்கும். பயப்பட வேண்டாம். அந்தச் செம்மஞ்சள் அடித்தளம் இல்லாமல் அவுரி நரையில் நிற்காது, நீலச்சாயலாக ஏறி இரண்டு முழுக்கில் போய்விடும். அவுரிக்குப் புளிப்பு ஆகாது. இளஞ்சூட்டுத் தண்ணீரும் ஒரு நுள்ளு உப்பும் போதும். குழைத்துப் பத்து, பதினைந்து நிமிடத்தில் பச்சைக் களியின் மேல் நீல ஆடை படரும். அப்போதே பூச வேண்டும். வாசலில் வந்தவரோடு அளவுச் சட்டை பற்றிக் கதைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் விட்டு, ஒரு கோப்பை முழுவதையும் வாழையடியில் கொட்டியிருக்கிறேன். பூசி ஒன்றரை மணித்தியாலம், பிறகு தண்ணீர் மட்டும். இரண்டு நாளைக்கு ஷாம்பு கூடாது.

முதல்நாள் வெயிலில் பச்சை அடிக்கும். காற்றுப் பட்டுப் பட்டுத்தான் கறுக்கும், இரண்டாம் நாள் பின்னேரம் சரியாகிவிடும். கல்யாண வீடு ஞாயிறு என்றால் வியாழன் முடித்துவிடுங்கள். ஈரத் தலையோடு வெள்ளைத் துணிக்குக் கிட்டப் போகாதீர்கள். தை மாதம் பள்ளிக்கூடச் சட்டை குவிந்திருந்த நேரம், ஒரு பிள்ளையின் வெள்ளைக் கழுத்துப்பட்டியில் என் கன்னத்து மயிர் பட்டு நீலக்கோடு விழுந்துவிட்டது. துணி வாங்கித் திருப்பித் தைத்துக் கொடுத்தேன்.

வன்னியில் இருக்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது தண்ணீர். எங்கள் குழாய்க்கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும். அந்தத் தண்ணீரில் தோய்ந்தால் மயிர் சொரசொரத்து, நிறம் மங்கித் தெரியும். மாரியில் பீலியால் விழுகிற மழைத்தண்ணீரைப் பீப்பாவில் மூடிப் பிடித்து, அவுரி கழுவவும் குழைக்கவும் அதையே எடுக்கிறேன். எனக்கு மழைத்தண்ணீரில் கழுவிய நிறம் ஐந்து கிழமை நிற்கிறது, குழாய்க்கிணற்றில் மூன்றரை. 2022இல் பைக்கற் டை விலை கடகடவென்று ஏறியபோது அயலில் நாலைந்து பேர் இதற்கு மாறினார்கள். இரண்டு பேர் பிறகு டைக்கே திரும்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதற்கே போகிறது, அது உண்மைதான். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அந்த ஒருநாள் எவ்வளவு பெரிதென்று எனக்குத் தெரியும். டை ஒத்துக்கொள்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் முன்பே காதுக்குப் பின்னால் பூசிப் பார்த்துவிட்டு அடியுங்கள், நேற்று ஒத்துக்கொண்டது என்று விடாதீர்கள். பார்லருக்குப் போகிறவர்கள் மருதோண்டியோ அவுரியோ பூசியதைச் சொல்லிவிடுங்கள். அவுரி ஏறிய மயிரை வெளுக்கப் போனால் பச்சை நிறம் கிளம்பும்.

அந்தப் பிள்ளை பைக்கற்றைப் பிரிக்காமல் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, தாயைக் கூட்டிக்கொண்டு வந்தாள். காதுக்குப் பின்னால் இரண்டையும் தொட்டு வைத்து அனுப்பினேன், ஒன்றும் ஆகவில்லை. போன ஞாயிறு எங்கள் வீட்டுக் கிணற்றடியில் வைத்துத்தான் பூசினோம். பின்னேரம் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, தலை பாசி மாதிரிக் கிடக்கு" என்று தாய் கலங்கிப்போனார். செவ்வாய்க்கிழமை வரைக்கும் பொறுங்கோ அக்கா என்று சொல்லி, ஒரு துவாயைத் தலையில் சுற்றி அனுப்பினேன்.