120 குதிரை, 60 கிலோமீட்டர்: ஸ்போர்ட் பேட்ஜுடன் மூன்று ஆண்டுகள்

என் வண்டி எந்தக் கம்பெனியுடையது என்று எழுதப்போவதில்லை. பெயரைச் சொன்னால் அடுத்த நிமிடமே இரண்டு கட்சிகள் சேர்ந்துவிடும். நான் பேச வந்த விஷயம் காற்றில் போய்விடும். அதன் பின்கதவில் ஒட்டியிருக்கும் பேட்ஜைப் பற்றித்தான் பேச வந்தேன். நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய கிராஸ்ஓவர், அதாவது எஸ்யூவி சாயலில் கட்டிய கார். ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 120 குதிரைத்திறன், ஏழு கியர் கொண்ட இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். 2023 தொடக்கத்தில் வாங்கினேன். இன்று ஓடோமீட்டரில் 41,000 கிலோமீட்டர் சொச்சம்.

இதே வண்டியை, இதே எஞ்சினோடும் இதே கியர்பெட்டியோடும், பேட்ஜ் இல்லாமலும் விற்றார்கள். அதைவிட ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேலே கொடுத்து நான் பேட்ஜ் வண்டியை எடுத்தேன். அந்தப் பணத்துக்குக் கண்ணில் படும்படி வந்தவை: கீழே சிவப்புக் கோடு, சிவப்பு பிரேக் காலிப்பர், இரட்டைக் குழல் சைலன்சர், சிவப்பு நூல் தையல் போட்ட சீட். கண்ணில் படாமல் வந்தவை மூன்று: கொஞ்சம் இறுக்கமான சஸ்பென்ஷன், கொஞ்சம் கனமான ஸ்டீயரிங், பின் சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக். குதிரைத்திறனில் ஒரு குதிரைகூடக் கூடவில்லை. ஷோரூம் பையனிடம் இதைக் கேட்டேன். “சார், சவுண்டைக் கேளுங்கள்” என்று ஸ்டார்ட் செய்து காட்டினான். சத்தம் நன்றாகத்தான் இருந்தது.

வண்டி வந்த முதல் வாரமே அப்பாவையும் அம்மாவையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு மதுராந்தகம் பக்கம் இருக்கும் ஊருக்குக் கிளம்பினேன். அப்பா ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர். பல்லவன் போக்குவரத்துக் கழகம் இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்களில் போய் நின்று பார்த்தவரும்கூட. வண்டியைச் சுற்றிவந்து, செருப்புக் காலால் டயரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் ஏறினார். பெருங்களத்தூர் வரை பேசவில்லை. வண்டலூர் தாண்டி, வெள்ளைக்கோடு போடாத ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டார். பரனூர் டோல் வரிசையில் நிற்கும்போது, “நான் முன்னால் வந்து உட்காரட்டுமா?” என்றார். “ஏன், பிடிக்கவில்லையா?” என்றேன். “வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. ரோட்டில் கிடக்கிற ஒவ்வொரு கல்லையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது” என்றார்.

அப்பா சொன்னதைவிடச் சரியாக ஒரு இறுக்கமான சஸ்பென்ஷனை எந்த விமர்சகரும் எனக்கு விளக்கியதில்லை. ஆனால் அவர் பார்த்தது அதன் ஒரு பாதியை. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் 100-ஐத் தொட்டதும் இதே சஸ்பென்ஷன் வேறு ஆளாக மாறிவிடுகிறது. பாலங்களின் இணைப்புகளில் வண்டி ஒரு முறை அமுங்கி எழுந்து அடங்கிவிடும். இரண்டாவது ஆட்டம் இல்லை. பஸ்ஸைத் தாண்டும்போது பக்கக் காற்று அடித்தாலும் ஸ்டீயரிங் அலைபாயாது. பேட்ஜ் இல்லாத வண்டியை நண்பர் ஒருவர் வைத்திருக்கிறார். அதே சாலையில் அதையும் ஓட்டியிருக்கிறேன். அது மெத்தைபோல் போகும், ஆனால் வளைவில் தோளைக் கொஞ்சம் சாய்க்கும். நெடுஞ்சாலையில் எனக்கு என் வண்டிதான் வேண்டும். சிக்கல் என்னவென்றால் நான் நெடுஞ்சாலையில் குடியிருக்கவில்லை, மேடவாக்கத்தில் குடியிருக்கிறேன்.

அலுவலகம் சிறுசேரியில். மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை ஒரு மெட்ரோ வழித்தடத்தின் தூண்கள். அங்கே திரும்பினால் பழைய மகாபலிபுரம் சாலையில் இன்னொரு வழித்தடத்தின் தூண்கள். தடுப்புத் தகரங்களுக்கு நடுவே மிச்சமிருக்கும் தார்ச்சாலையில்தான் என் 120 குதிரைகளும் தினமும் மேய்கின்றன. போதாததற்கு, 2023 நவம்பர் முதல் நகருக்குள் கார்களுக்கு அதிகபட்ச வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர், குடியிருப்புப் பகுதிகளில் 30 என்று போக்குவரத்துக் காவல்துறை நிர்ணயித்துவிட்டது. காலை ஒன்பது மணிக்கு சோழிங்கநல்லூர் சந்திப்பில் நிற்பவர்களுக்கு 60 என்பதே ஒரு கனவு என்பது வேறு விஷயம்.

இரட்டை கிளட்ச் கியர்பெட்டியின் சுபாவம் இங்கேதான் தெரியும். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. நீங்கள் மூன்றில் போகும்போதே நான்கு தயாராகக் காத்திருக்கும். அதனால்தான் திறந்த சாலையில் கியர் மாறுவதே தெரியாது. ஆனால் என் வண்டியில் இருப்பது உலர் கிளட்ச். சூட்டை இறக்க எண்ணெய் கிடையாது. வண்டி நடை வேகத்தில் நகரும்போது, புதிதாகப் பழகுகிறவர் கிளட்சை அரை மிதியில் பிடித்துக்கொண்டே போவாரே, அதையேதான் இந்தக் கியர்பெட்டியும் செய்கிறது. உரசல், உரசினால் சூடு. வாங்கிய இரண்டாவது கோடையில், அக்கினி நட்சத்திரத்தில், முக்கால் மணி நேரம் ஊர்ந்த பிறகு திரையில் எச்சரிக்கை வந்தது. ஓரமாக நிறுத்தி, டீ குடித்து, பதினைந்து நிமிடம் கழித்துக் கிளம்பினேன். எதுவும் கெடவில்லை. பின்சீட்டில் வந்த சக ஊழியர், “ஸ்போர்ட் வண்டிக்கு மூச்சு வாங்குகிறதா?” என்று கேட்டதுதான் செலவு.

அதன் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். முன்னால் இருக்கும் வண்டி ஓர் அடி நகர்ந்ததும் நானும் நகர்வதில்லை. ஒன்றரை வண்டி நீளத்துக்கு இடம் விழும்வரை பிரேக்கை முழுதாக மிதித்து நிற்பேன்; பிறகு ஒரே மூச்சில் போய் மறுபடி நிற்பேன். அந்த இடைவெளியில் ஆட்டோவும் பைக்கும் நுழையத்தான் செய்யும். பின்னால் ஹாரனும் அடிப்பார்கள். எச்சரிக்கை மறுபடி வரவில்லை.

நெரிசல் இல்லாத இடத்தில் எஞ்சினைப் பற்றி எனக்குக் குறை கிடையாது. நிமிடத்துக்கு 1,500 சுற்றுகளுக்குக் கீழே தூங்கும். அதற்கு மேலே எழுந்தால் 60-லிருந்து 100 போவதற்குள் லாரியைத் தாண்டி இடது பக்கம் வந்துவிடலாம். நகரில் லிட்டருக்கு ஒன்பதரை, பத்து. நெடுஞ்சாலையில் 90-ல் பிடித்தால் பதினாறு. ஆனால் இவை எல்லாம் பேட்ஜ் இல்லாத வண்டியிலும் அப்படியேதான். இந்தப் பாராட்டுகளை பேட்ஜின் கணக்கில் எழுத முடியாது.

பேட்ஜ்களில் வரும் எழுத்துகள் பிறந்த இடத்தில் அவற்றுக்கு என்ன பொருள் என்று பார்த்தால் நமக்கு வருவது எவ்வளவு நீர்த்தது என்று தெரியும். ஹூண்டாயின் ‘என்’ என்பது கொரியாவின் நம்யாங் ஆராய்ச்சி மையத்தையும் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தையும் சேர்த்துக் குறிக்கும் எழுத்து. அந்த எழுத்தை முழுதாகப் போட்டு வெளிநாட்டில் விற்ற ‘கோனா என்’ வண்டியில் இரண்டு லிட்டர் டர்போ, 280 குதிரைத்திறன். நமக்கு வருவது ‘என் லைன்’. (தமிழில் எழுதும்போது சொந்தம் கொண்டாடுவது போலத்தான் இருக்கிறது.) ஃபோர்டு பூமா எஸ்டி 200 குதிரைத்திறன், ஃபோக்ஸ்வாகன் டி-ராக் ஆர் 300. இவை நம் சிறிய கிராஸ்ஓவர்களுக்குத் தூரத்துச் சொந்தம்தான். ஆனால் அங்கே பேட்ஜ் மாறினால் எஞ்சினே மாறும்.

இங்கே ஏன் மாறுவதில்லை? கம்பெனிகளைத் திட்டுவதற்கு முன்னால் வரிப் பட்டியலைப் பார்க்க வேண்டும். நான்கு மீட்டருக்குள் நீளம், 1,200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சின் என்றால் ஒரு வரி. அந்தக் கோட்டைத் தாண்டினால் வேறு வரி. நான் வாங்கியபோது சிறிய வண்டிக்கு ஜிஎஸ்டியும் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்ந்து 29 சதவீதம். பெரிய எஸ்யூவிக்கு 50 வரை போனது. 2025 செப்டம்பர் 22 முதல் இது 18, 40 என்று ஆகியிருக்கிறது. கோடு மட்டும் அங்கேயேதான் இருக்கிறது. ஒரு சிறிய கிராஸ்ஓவரில் ஒன்றரை லிட்டர் டர்போவை வைத்தால் அதன் விலை அடுத்த தெருவுக்குப் போய்விடும், யார் வாங்குவார்கள்? அதனால் எஞ்சினைத் தொடாமல், சிவப்பு நூலைத் தொடுகிறார்கள்.

தொட்டவர்களும் உண்டு. மஹிந்திரா 2022 அக்டோபரில் எக்ஸ்யுவி300 டர்போஸ்போர்ட் கொண்டுவந்தபோது எஞ்சினையே மாற்றியது: சாதாரண டர்போவில் 110 குதிரைத்திறன், அதில் 130. பெயரில் ‘ஸ்போர்ட்’ என்று போட்டதற்குக் கையில் கணக்கு இருந்தது. ஃபோக்ஸ்வாகன் டைகனில் தொடக்கத்தில் ‘ஜிடி’ என்றால் 150 குதிரைத்திறன் கொண்ட ஒன்றரை லிட்டர் எஞ்சின் என்று பொருள். 2024-ல் ‘ஜிடி லைன்’ என்ற பெயர் ஒரு லிட்டர் எஞ்சினுக்கும் வந்துவிட்டது. கூட ஒரு சொல் சேர்ந்ததும் எஞ்சின் இறங்கிவிட்டது! ‘லைன்’ என்ற சொல்லைப் பார்த்தாலே இப்போது எனக்குச் சந்தேகம்தான்.

மட் ஃபிளாப் வாங்க ஒரு நாள் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போயிருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் சீட்டுக்கட்டுபோல் அடுக்கியிருந்தார்கள்: டர்போ, ஜிடி, ஸ்போர்ட், ஆர்எஸ், என் வண்டியில் இருக்கும் எழுத்தும்கூட. “இது எவ்வளவு?” என்றேன். “முந்நூற்றைம்பது. ஒட்டித் தருவதும் சேர்த்து” என்றார் கடைக்காரர். வாசலில் நிற்கும் வண்டியில் ஏற்கனவே அது இருப்பதைப் பார்த்துவிட்டு, “அது ஒரிஜினலா அண்ணே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். கிட்டே போய் நகத்தால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். “நம்முடையதில் பளபளப்பு அதிகம்” என்றார். உண்மைதான், அதிகம்.

பின் டிஸ்க் பிரேக்கைப் பற்றி ஷோரூமில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு பேட்ஜுக்கான பணம் திரும்பக் கிடைத்தது அதில்தான். ஒரே ஒரு தடவை அழுத்தி நிறுத்துவதில் பெரிய வித்தியாசம் இருக்காது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் கனம் முன்பக்கம் சாய்வதால் வேலையின் பெரும்பகுதியை முன் சக்கரங்களே செய்கின்றன. மிச்சத்தைத் தீர்மானிப்பது டயர். ஏலகிரி இறங்கிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். புலவர்களின், வள்ளல்களின் பெயர்களைச் சூட்டிய பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு இறங்க வேண்டும். பேட்ஜ் இல்லாத வண்டியின் பின் சக்கரத்தில் இருக்கும் மூடிய டிரம் பிரேக்குக்குள் சூடு தேங்கும். டிஸ்க் காற்றில் ஆறும். ஐந்து பேர், டிக்கி நிறையப் பைகள். கடைசி வளைவிலும் பெடல் முதல் வளைவில் இருந்த அதே உயரத்தில் இருந்தது. ஸ்டீயரிங்கின் கனமும் அங்கே கைக்குத் துணை. வண்டி எங்கே பார்க்கிறது என்று விரல்களுக்குத் தெரிந்தது. மேலே ஏறும்போது வந்த உற்சாகத்தைவிட இறங்கும்போது வந்த நிம்மதிதான் எனக்குப் பெரிதாகப்பட்டது. அந்த இரண்டு நாளும் அப்பா முன் சீட்டில்தான் வந்தார். இறங்கும்போது ஒன்பதாவது வளைவில் தூங்கிவிட்டார். முப்பது ஆண்டு பஸ் ஓட்டியவர் இன்னொருவர் ஓட்டும்போது மலையில் தூங்குவது சாதாரணமில்லை.

ஆனால் மூன்று ஆண்டுகளில் இப்படிப்பட்ட நாட்களை எண்ணினால் முப்பது தேறும். மற்ற ஆயிரம் நாளும் கல்லைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டுதான் போகிறேன்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்த இரவு, எல்லோரையும் போல நானும் வண்டியை வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஒன்றன் பின் ஒன்றாக மேலே வரை கார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கி நடக்கும்போது ஒவ்வொரு வண்டியின் பின்பக்கமும் கண்ணில் பட்டது. டர்போ, ஜிடி, ஸ்போர்ட், சிவப்புக் கோடு, கறுப்புக் கூரை, எல்லாம் வைப்பரை மடக்கிக்கொண்டு சாதுவாக நின்றன. எனக்கு முன்னால் ஒரு பழைய ஆல்ட்டோ. அதன் சொந்தக்காரர் மதியமே வந்து நல்ல இடம் பிடித்துவிட்டார்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். நான்கு டயரையும் 38,000 கிலோமீட்டரில் மாற்றினேன். முப்பத்து நான்காயிரம் ஆனது. தேய்மானத்துக்கு என் கால்தான் காரணம். ஒரு சர்வீஸ் சென்டரில் பின் பிரேக் பேட் தேய்ந்துவிட்டதாகச் சொல்லி மாற்றப் பார்த்தார்கள். கழற்றிக் காட்டச் சொன்னதும் “இன்னும் ஓடும் சார்” என்றார்கள். கியர்பெட்டியை மனதில் வைத்து வாரண்டி நீட்டிப்புக்குப் பணம் கட்டியிருக்கிறேன். இந்த வகைக் கியர்பெட்டியுடன் சென்னை நெரிசலில் ஓட்டுபவர்கள் அந்தப் பணத்தில் மட்டும் கஞ்சம் பிடிக்க வேண்டாம்.

வேகத்துக்கான பேட்ஜ் என்றால், என் வண்டிக்கு அதில் உரிமை இல்லை. நிற்பதற்கும் திரும்புவதற்கும் ஒரு பேட்ஜ் உண்டென்றால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அப்படி ஒன்றை ஒட்டினால் ஒருவரும் ஐம்பதாயிரம் கூடுதலாகத் தரமாட்டார்கள். மாதம் இரண்டு முறையாவது நகரைவிட்டு வெளியே ஓட்டுபவர், பெரும்பாலும் தனியாகவோ இருவராகவோ போகிறவர் என்றால் பேட்ஜ் வண்டியை எடுக்கலாம். வீட்டில் முழங்கால் வலிக்காரர் ஒருவர் இருந்தால் அவரைப் பின் சீட்டில் உட்காரவைத்து, நெடுஞ்சாலையில் அல்ல, உங்கள் தெருவில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

போன மாதம் அக்கா மகன் போன் செய்தான். “மாமா, சிவப்புக் கோடு போட்டதா, போடாததா?” என்றான். பின் சீட்டில் யார் உட்காரப்போகிறார்கள் என்று கேட்டேன். “யாரும் இல்லை மாமா, நான் மட்டும்தான்” என்றான். வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டான். வைகாசியில் அவனுக்குக் கல்யாணம்.