பைத்தான் மாக்கில் ப்ராப்பர்ட்டி: பல வருடப் பயன்பாட்டுக்குப் பின்

பைத்தான் 3.3 பதிப்பில் (2012) யூனிட்டெஸ்ட்.மாக் (டெஸ்ட்டில் நிஜ ஆப்ஜெக்டுக்குப் பதில் வைக்கும் போலியான மாக்குகளைச் செய்து தரும் லைப்ரரி) மொழியோடு சேர்ந்தே வரத் தொடங்கியது. பல வருடங்களாக என் டெஸ்ட்களுக்கு அதுதான். மெத்தட்களைப் பொறுத்தவரை குறையே சொல்ல மாட்டேன். ப்ராப்பர்ட்டி (சாதாரண மதிப்பு போலப் படித்தாலும் பின்னால் ஒரு கோடு ஓடும் அட்ரிபியூட்) என்று வந்தால் மட்டும் நிதானம் வேண்டும்.

ஒரு மதிப்பைப் படித்தால் போதும் என்றால் மாக் ஆப்ஜெக்டில் நேராக எழுதிவிடுங்கள். எத்தனை முறை படிக்கப்பட்டது என்று பார்க்கவோ, ஒவ்வொரு முறையும் வேறு மதிப்பு தரவோ வேண்டுமென்றால்தான் ப்ராப்பர்ட்டிமாக் (ப்ராப்பர்ட்டிக்கென்றே உள்ள மாக்) தேவை. ப்ராப்பர்ட்டி வேலை செய்வது கிளாஸில் இருக்கும்போதுதான். அதனால் ப்ராப்பர்ட்டிமாக்கை ஆப்ஜெக்டின் மேல் வைத்தால் மதிப்புக்குப் பதில் அந்த மாக்கே கையில் வரும். ஆப்ஜெக்டின் டைப் (அதன் கிளாஸ்) மேல் வைக்க வேண்டும். ஒவ்வொரு மாக்குக்கும் தனி சப்கிளாஸ் உருவாவதால் மற்ற மாக்குகளுக்கு இது பரவாது. நிஜ கிளாஸ் என்றால் பேட்ச்.ஆப்ஜெக்ட் (தற்காலிகமாக மாற்றி வைக்கும் வசதி) வழியாக ப்ராப்பர்ட்டிமாக்கை வைத்தால் போதும், டெஸ்ட் முடிந்ததும் பழைய ப்ராப்பர்ட்டியைத் திருப்பி வைத்துவிடும்.

எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது அட்ரிபியூட்எரர் (கேட்ட அட்ரிபியூட் இல்லை என்ற பிழை) விஷயம். ப்ராப்பர்ட்டிமாக்கின் சைட்_எஃபெக்டில் (படிக்கும்போது என்ன நடக்க வேண்டும் என்று சொல்லும் இடம்) வேல்யூஎரர் கொடுத்தால் அது ஒழுங்காக வெளியே வரும். அட்ரிபியூட்எரர் கொடுத்தால் வராது. அந்தப் பெயரே இல்லை என்று பைத்தான் எடுத்துக்கொண்டு மாக்கின் கெட்அட்டரை (இல்லாத பெயரைக் கேட்டால் ஓடும் மெத்தட்) அழைக்கும். அது புதிதாக ஒரு மாக்கைச் செய்து கொடுத்துவிடும். இஃப் நிபந்தனையில் அந்த மாக் ட்ரூ. பிழையைக் கையாளும் பகுதி ஓடாமலேயே டெஸ்ட் பச்சையாக (பாஸ் என்று) வர இது போதும். ஸ்பெக் (எந்தக் கிளாஸில் உள்ள பெயர்களை மட்டும் மாக் ஏற்க வேண்டும் என்று சொல்வது) கொடுத்தாலும் தப்பிக்க முடியாது, கிளாஸில் அந்தப் பெயர் இருக்கிறதே! இதற்கு நான் செய்வது, அந்த அட்ரிபியூட்டை மாக்கிலிருந்து டெல் போட்டு நீக்குவது. அதன்பின் படித்தால் நிஜமாகவே அட்ரிபியூட்எரர் வரும்.

சரி, ஸ்பெக் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். அதிலும் இல்லாத பெயரில் எழுதவும் விடாத ஸ்பெக்_செட்டைத்தான் சிபாரிசு செய்வேன். வெறும் ஸ்பெக் தப்பான பெயரைப் படிக்க விடாது, ஆனால் எழுத விட்டுவிடும். கிளாஸை ஸ்பெக்காகக் கொடுக்கும்போது இனிட்டுக்குள் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் மெத்தட்) உருவாகும் அட்ரிபியூட்கள் அதற்குத் தெரியாது என்பதையும் கவனியுங்கள்.

ஆட்டோஸ்பெக்குக்கு (உள்ளே உள்ள அட்ரிபியூட்களுக்கும் தானாகவே ஸ்பெக் வைக்கும் வசதி) மட்டும் ஆப்ஜெக்டைக் கொடுக்கவே மாட்டேன், கிளாஸைத்தான் கொடுப்பேன். அது ஒவ்வொரு அட்ரிபியூட்டையும் படித்துப் பார்க்கும். ஆப்ஜெக்ட் என்றால் ப்ராப்பர்ட்டிக்குள் இருக்கும் கோடு ஓடிவிடும். உள்ளே டேட்டாபேஸ் இணைப்பு இருந்தால் அதுவும் திறக்கும்.