குன்னூர்ல நாய் வளக்கறவங்களுக்கு: இன்சூரன்ஸா, மாசாமாசம் நாமளே ஒதுக்கறதா?

போன ஐப்பசி மழைல எங்க கருப்பிக்கு கர்ப்பப்பைல சீழ் வச்சிடுச்சு. நாட்டு நாய்தான், ஏழு வயசு, கருத்தடை பண்ணாம விட்டது எங்க தப்பு. ரெண்டு நாளா தண்ணியா குடிச்சுட்டு இருந்தா, சோத்தைத் தொடல, வால் பக்கம் ஈரமா ஒரு நாத்தம் வந்ததுக்கு அப்புறம்தான் எங்களுக்கு உறைச்சுது. இங்க பார்த்த டாக்டர் ஸ்கேன் எடுத்தே ஆகணும், லேட் பண்ணாதீங்கன்னு கோயம்புத்தூருக்கு எழுதிக் குடுத்துட்டாரு, பர்லியார் வரைக்கும் ரோடே தெரியாத பனி, போர்வைல சுத்தி மடில வச்சுட்டுப் போனோம், ஒவ்வொரு வளைவுலயும் அவ மூச்சு வருதான்னு கை வச்சுப் பாத்துட்டே போனேன். ஆபரேஷன், ட்ரிப்ஸ், மருந்து எல்லாம் சேர்த்து 19,000, வண்டி வாடகை தனியா 4,500. பொழைச்சுட்டா.

பக்கத்து வீட்டு அண்ணா வந்து பாத்துட்டு, "தம்பி, என்னை மாதிரி நீயும் நாய்க்கு ஒரு பாலிசி போட்டு வச்சிருந்தா இந்தக் காசு வந்திருக்கும்ல?"ன்னாரு. அவர்கிட்ட லாப்ரடார் இருக்கு, டைகர்னு பேரு, மூணு வயசு. "குடுங்கண்ணா படிச்சுப் பாக்கறேன்"னு அவர் பாலிசி பேப்பரை வாங்கி கருப்பியோட பில்லை பக்கத்துல வச்சுட்டு வரி வரியா பாத்தேன், இன்னும் நாலஞ்சு கம்பெனியோட விதிமுறையும் படிச்சேன். அதைத்தான் இங்க எழுதறேன், ஏன்னா நெட்ல இருக்கறது எல்லாம் பெங்களூர் அபார்ட்மென்ட் நாய்க்கு எழுதினது, மலைல கணக்கு வேற.

முதல்ல வயசு. பெரும்பாலான பாலிசில குட்டிக்கு ரெண்டு மூணு மாசம் ஆனா சேத்துக்குவாங்க, ஏழு எட்டு வயசோட புதுசா சேரற கதவு மூடிடும், கிரேட் டேன் மாதிரி ராட்சச இனம்னா இன்னும் சீக்கிரம். அப்போ கருப்பிக்கு இனிமே போட்டாலும் பிரயோஜனம் இல்ல. போட முடிஞ்சாலும் ஏற்கனவே வந்த நோய் சேராது, பாலிசி எடுத்ததும் ஒரு காத்திருப்புக் காலம் இருக்கும், அதுக்குள்ள வந்த நோயும் சேராது. பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல், ரேபிஸ் மாதிரி ஊசி போட்டுத் தடுக்கக்கூடிய எதுக்கும் ஊசிக் கார்டு சரியா இல்லைன்னா ஒரு ரூபா வராது. (1907ல இருந்து பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கற ஊர் நம்ம ஊரு, இங்க வருஷாவருஷம் ரேபிஸ் ஊசி போடாம நாய் வளக்கறவங்களைப் பாத்தா எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கு.)

அண்ணாவோட ப்ரீமியம் 18% ஜிஎஸ்டி சேர்த்து வருஷம் 6,400, ஆபரேஷன் அட்மிஷனுக்கு 50,000 வரைக்கும் லிமிட். போன வருஷம் டைகர் எதையோ தின்னு மூணு நாள் அட்மிட் ஆச்சு, பில் 11,200, கைக்கு வந்தது 6,800. எங்க போச்சு மிச்சம்னு நோண்டிப் பாத்தா ஒரு பகுதி பாலிசிலயே போட்டிருக்கற மாதிரி நாமளே ஏத்துக்க வேண்டிய பங்கு, அது சரி. இன்னொரு பகுதி மருந்து பில். இங்க டாக்டர் எழுதிக் குடுக்கற ஆன்டிபயாட்டிக், வாந்தி மாத்திரை எல்லாம் நாம மனுஷங்க மெடிக்கல்லதான் வாங்கறோம், பில்லுல அண்ணா பேரு இருக்கு, நாய் பேரும் இல்ல, அது தோலுக்கு அடில வைக்கற அடையாள சிப்போட நம்பரும் இல்ல, அதனால அதைக் கழிச்சுட்டாங்க. கிளினிக்ல குடுத்ததும் துண்டுச் சீட்டுல கையால எழுதினது. அண்ணா அப்புறம் சீல் போட்டு, டாக்டரோட பதிவு எண் எழுதி வாங்கி அனுப்பறதுக்கே ரெண்டு தடவ லீவு போட்டாரு. கிளைம் சரியில்லைன்னு தோணினா முதல்ல கம்பெனிக்கு எழுத்துல புகார் குடுத்து, 30 நாள்ல பதில் வரலைன்னாலும் திருப்தி இல்லைன்னாலும் சென்னைல இருக்கற இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்கிட்ட (இன்சூரன்ஸ் புகாரை விசாரிக்கற அதிகாரி) போகலாம், அதுக்குக் கட்டணம் கிடையாது, ஆனா 4,400 ரூபாய்க்கு அவ்ளோ தூரம் போக அவருக்கு மனசு வரல.

இப்போ சிறுத்தை. மலைல நாய் வளக்கற எல்லாருக்கும் உள்ள பயம் இது. எங்க பக்கத்து ஹட்டில (படகர் கிராமம்) போன மார்கழில திண்ணைல கட்டியிருந்த நாயை ராத்திரி தூக்கிட்டுப் போயிடுச்சு, காலைல பாத்தா சங்கிலி, கொஞ்சம் ரத்தம், அவ்ளோதான். சாவுக்கு காசு வாங்கணும்னா டாக்டர் சர்டிபிகேட் கேப்பாங்க, சில சமயம் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் கேப்பாங்க. உடம்பே இல்லாம யாரு சர்டிபிகேட் குடுப்பாங்க? "காணாமப் போச்சு"ங்கற கவர் தனியா இருக்கு, அதுக்குப் போலீஸ் புகார், தேடி விளம்பரம், ஒரு காத்திருப்புன்னு வேற வழி. அதனால மலைக்காரங்க ஏஜென்ட்கிட்ட முதல்ல கேக்க வேண்டிய கேள்வி இதுதான்: காட்டு மிருகம் தூக்கிட்டுப் போனா எந்தத் தலைப்புல வரும், என்ன பேப்பர் வேணும், அதை மெயில்ல எழுதிக் குடுங்க. அண்ணா கேட்டாரு, இன்னும் பதில் வரல. இன்னொண்ணு, சாவுக்குக் குடுக்கற தொகை நாயோட சந்தை விலைய வச்சுத்தான் பல இடத்துல நிர்ணயம் பண்றாங்க, ரோட்ல இருந்து எடுத்து வளத்த கருப்பிக்கு என்ன விலை போடுவாங்க? இருட்டறதுக்கு முன்னாடி உள்ள கூப்பிட்டு கதவைச் சாத்தறதுதான் அவளுக்கு நான் குடுக்கற கவர், இதை எழுதும்போதும் அடுப்பு பக்கத்துலதான் சுருண்டு படுத்திருக்கா.

இந்தப் பேப்பர், அடையாளக் கெடுபிடி எல்லாம் மாடு இன்சூரன்ஸ் தெரிஞ்சவங்களுக்குப் புதுசு இல்ல. காதுல அடையாள வில்லை இல்லைன்னா கிளைம் இல்லைன்னு மாடு வச்சிருக்கற அக்காமாருக்கு எல்லாம் தெரியும். ஆனா மாட்டுக்கு அரசு ப்ரீமியத்துல பெரும்பகுதிய ஏத்துக்குது, 2024ல விவசாயி பங்கை 15%ன்னு குறைச்சாங்க. நாய்க்கு அப்படி எதுவும் இல்ல, முழுசா நம்ம பைல இருந்துதான்.

அடுத்தது மாசாமாசம் நாமளே ஒதுக்கறது. போஸ்ட் ஆபீஸ் ஆர்டில மாசம் 500 போட்டா 6.7% வட்டில அஞ்சு வருஷத்துல சுமார் 35,680 வரும், அண்ணா அதே அஞ்சு வருஷத்துல கட்டறது 32,000. நோய் வரலைன்னா அந்தக் காசு நம்மளது, வந்தா மெடிக்கல் பில்லு, வண்டி வாடகை, நாய் பேரு இல்லாத சீட்டு எதையும் யாரும் கேக்க மாட்டாங்க. கோயம்புத்தூர் போற வண்டிக் காசு நான் படிச்ச எந்தப் பாலிசிலயும் வரல, மலைக்காரங்களுக்கு அது பில்லுல கால்வாசி. ஆனா ரெண்டு ஓட்டை இருக்கு. ஆர்டிய மூணு வருஷத்துக்கு முன்னாடி முடிக்க முடியாது, ஒரு வருஷம் கட்டினதுக்கு அப்புறம் போட்டதுல பாதி வரைக்கும் கடன்தான் வாங்கலாம், அதனால இதுக்கு சாதா சேவிங்ஸ் கணக்குதான் நல்லது, வட்டி போனா போகட்டும். பெரிய ஓட்டை அடுத்தது: மூணாவது மாசத்துல உங்ககிட்ட இருக்கறது 1,500 மட்டும், அன்னைக்கு சீசன் டைம்ல ஒரு டூரிஸ்ட் கார் இடிச்சு நாய்க்கு தொடை எலும்பு உடைஞ்சா என்ன பண்ணுவீங்க. இந்த ஒரு இடத்துலதான் பாலிசி நிஜமா ஜெயிக்குது, அதுவும் குட்டி வயசுல.

அரசு கால்நடை ஆஸ்பத்திரி, 1962க்குப் போன் பண்ணா வர்ற வண்டி, இதை மட்டும் நம்பி இருக்கறவங்க நிறைய. ஊசி, புண்ணு, சின்னக் காய்ச்சலுக்குத் தாராளமா போகலாம், நானும் போறேன். ராத்திரில ஸ்கேனும் ஆபரேஷனும் வேணும்னா கீழ இறங்கித்தான் ஆகணும், அப்போ கைல காசு இருக்கணும்.

யாரும் பேசாத இன்னொரு விஷயம் மூணாம் நபர் பொறுப்பு. நம்ம நாய் ஒரு டூரிஸ்ட் குழந்தையக் கடிச்சுட்டா வர்ற செலவு நாய் வைத்தியத்தை விட பல மடங்கு. டைகர் நிக்கற கேட்டு நேரா ஊட்டி ரோட்டைப் பாத்து இருக்கு, செல்ஃபி எடுக்க வந்து தலையத் தடவறவங்க தினமும் உண்டு. அண்ணாவுக்கு நான் சொன்னது இதுதான்: உங்க பாலிசிய ஒரு நாள் கூட கேப் விடாம ரினியூ பண்ணுங்க, விட்டா காத்திருப்புக் காலம் மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கும், அந்தப் பொறுப்பு கவர் இருக்கான்னு பாருங்க, மருந்து வாங்கும்போது பில்லுல நாய் பேரு, சிப்போட 15 இலக்க நம்பர் ரெண்டையும் அங்கேயே எழுதி வாங்குங்க. லாப்ரடாருக்கு இடுப்பு எலும்புப் பிரச்சனை வம்சத்துல வர்றது, அதைப் பரம்பரை நோய்னு ஒதுக்கியிருக்காங்களான்னும் பாருங்க, ஒதுக்கியிருந்தா அதுக்குத் தனியா கொஞ்சம் சேர்த்து வைங்க.

கருப்பிக்கு நாங்க பாலிசி தேடறதை விட்டுட்டோம். அவ பேருல கணக்குல மாசம் 800 போகுது, இப்போ 5,600 இருக்கு. தை மாசம் தங்கச்சி வீட்டுக்கு ஜெர்மன் ஷெப்பர்டு குட்டி வருது, அதுக்கு மட்டும் மூணு மாசம் ஆனதும் சிப் போட்டு, ஊசிக் கார்டோட முதல் மூணு வருஷத்துக்குப் பாலிசி எடுக்கச் சொல்லியிருக்கேன், கூடவே 500 ரூபா கணக்கும். மூணு வருஷம் கழிச்சு கணக்குல 18,000 சேந்திருக்கும், ரினியூ பண்றதா வேண்டாமான்னு அப்போ உக்காந்து பேசிக்கலாம்னு அவகிட்ட சொல்லிட்டேன்.