ஆட்டோடாக் வினா: முண்டு மிளகாய் இலைப்பேனுக்கு மூலிகை தேடிய அனுபவம்

தொண்டி, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் மிளகாய்க் கொல்லையில் இறங்கினால் முதலில் கொழுந்து இலையைப் பார்க்க வேண்டும். மேல்நோக்கிச் சுருண்டு ஓடம் போல் நின்றால் இலைப்பேன். கீழ்நோக்கி மடங்கினால் சிலந்திப்பேன். சுருண்ட கொழுந்தை வெள்ளைத் தாளில் தட்டினால் வெளிர்மஞ்சள் பேன்கள் விழுந்து ஓடும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாய்க்கு இது பெருந்தொல்லை. செடிகளிலிருந்தே இதற்கு மருந்து தேடும் மாணவர்களுக்கு வழிகாட்டும் வேதியியல் ஆசிரியன் நான். பல ஆண்டுகளாக எங்கள் ஆய்வகத்தில் ஓடுவது ஆட்டோடாக் வினா (AutoDock Vina) என்ற கணினி மென்பொருள்.

அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் உருவான இலவச மென்பொருள் இது. இதைப் பற்றிய கட்டுரை 2010இல் வந்தது. சாதாரண மடிக்கணினியே போதும். ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையமும் வேண்டாம். கடலோரக் கல்லூரிக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது எங்களுக்குத்தான் தெரியும். செடிகளின் மூலக்கூறுகளைச் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இம்பாட் தரவுத்தளத்தில் எடுக்கிறோம். பூச்சியின் நரம்பில் வேலை செய்யும் அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் நொதியின் குழிக்குள் அந்த மூலக்கூறு எப்படிப் பொருந்துகிறது என்று வினா கணக்கிட்டு, எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்பதற்கு மோலுக்கு இத்தனை கிலோகலோரி என்று ஒரு மதிப்பெண் தருகிறது. இலைப்பேனின் நொதிக்கு ஆய்வில் கண்டறிந்த வடிவம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் அனோபிலிஸ் கொசுவின் நொதியை அச்சாக வைத்து மாதிரி கட்டிக்கொண்டோம்.

வேகத்தில் குறை சொல்ல முடியாது. மதிப்பெண்ணை நம்புவதில்தான் நிதானம் வேண்டும். கணக்கின் பிழையே இரண்டு மூன்று கிலோகலோரி வரை போகும்போது, அரைப் புள்ளி வித்தியாசத்தை வைத்து எந்த இலை உயர்ந்தது என்று முடிவுகட்டுவது நியாயமில்லை. பெரிய மூலக்கூறுக்கு மதிப்பெண் தானாகவே கூடும் என்பது இன்னொரு சிக்கல். பல செடிகளில் இருக்கும், ஹைட்ரஜன் நீங்கலாக 22 அணுக்கள் கொண்ட குவெர்செட்டின் எந்த நொதியில் வைத்தாலும் முன்வரிசைக்கு வந்துவிடுகிறது. 12 அணுக்களே கொண்ட துளசியின் யூஜெனால் கடைசியில் நிற்கிறது. ஆனால் பூச்சியை உண்மையில் விரட்டுவது யூஜெனால்தான். அது பூச்சியின் நரம்பில் உள்ள ஆக்டோபமைன் ஏற்பி என்ற வேறொரு புரதத்தின் வழியாக வேலை செய்வதாக ஆய்வுகள் சொல்கின்றன. நாம் பார்த்துக்கொண்டிருக்கும் நொதியில் அது தெரியாமல் போவதில் வியப்பில்லை. இப்போது மதிப்பெண்ணை அணு எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்காமல் எதையும் கழிப்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பயன் வேறு. அதே மூலக்கூறை மனித நொதியிலும் வைத்துப் பார்க்கலாம். கொசு நொதியின் குழி வாயிலில் இருக்கும் சிஸ்டீன் 286 (286ஆம் இடத்து அமினோ அமிலம்) பாலூட்டிகளில் இல்லை. மனித நொதியிலும் இறுக்கமாக உட்காரும் மூலக்கூறுகளை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிடுகிறோம். கொல்லையில் கைத்தெளிப்பான் சுமப்பவர்கள் எங்கள் ஊர்ப் பெண்களும் பெரியவர்களும் என்பதால் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. செடியிலிருந்து வந்தது என்பதாலேயே நஞ்சில்லை என்று ஆகிவிடாது; வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற நச்சுப்பொருளே அதற்குச் சாட்சி.

வெயிலை மட்டும் வினா கணக்கில் எடுப்பதில்லை. வேம்பின் அசாடிராக்டின் சூரிய ஒளியில் சிதைந்துவிடும். ஐந்து சத வேப்பங்கொட்டைக் கரைசலை மாலையில் தெளிக்கச் சொல்வது அதனால்தான். நிழலற்ற இந்தக் கரையில் எந்தச் சாறும் அந்தச் சோதனையைத் தாண்டியாக வேண்டும்.

கையில் நூறு மூலிகை, பணம் பத்துக்குத்தான் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மதிப்பெண் அட்டவணைக்குப் பக்கத்தில், வெறும் தண்ணீர் தெளித்த இலையில் எத்தனை பேன் செத்தது, சாறு தெளித்த இலையில் எத்தனை என்ற அட்டவணையும் இருக்க வேண்டும். அது இல்லாத ஆய்வேட்டில் நான் கையெழுத்திடுவதில்லை.