குறித்து வைத்த நாயகனா, தோட்டக்காரனா?

மாயப்புனைவில் நாயகர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. பிறக்கும்போதே விதி பேர் எழுதி வைத்தவர் ஒருவர். வேறு ஆள் இல்லாததால் களத்தில் இறங்கியவர் இன்னொருவர்.

முதல் வகையில் கதை சட்டென்று சூடு பிடிக்கும். ஹாரி பாட்டரின் நெற்றித் தழும்பைப் பார்த்தாலே அவன் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. ஆனால் அவன் ஜெயிப்பான் என்பதையும் நாம் ஊகித்துவிடுகிறோமே! 2003-ல் வந்த ஐந்தாம் பாகத்தில், வில்லன் வோல்டமார்ட்டை வீழ்த்தக்கூடியவனைப் பற்றிய தீர்க்கதரிசனம் ஹாரியின் வகுப்புத் தோழன் நெவிலுக்கும் பொருந்தியிருக்கும் என்று தெரியவரும். கடைசிப் பாகத்தில் வில்லனின் பாம்பான நாகினியை வெட்டுவது அதே நெவில்தான்.

எனக்கு நெருக்கம் இரண்டாவது வகை. டோல்கீனின் ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ (1954–55) நாவலில் சாம் ஒரு தோட்டக்காரன். மந்திரம் தெரியாது, வம்சப் பெருமையும் இல்லை. தீய மோதிரத்தை அழிக்கப் புறப்பட்ட தன் எஜமான் ஃப்ரோடோ எரிமலைச் சரிவில் நடக்க முடியாமல் விழுந்ததும் அவனை முதுகில் சுமந்து ஏறுகிறான். அதற்கு முன்பு மோதிரம் தன் கைக்கு வந்தபோதும் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். சரி, அரியணைக்கு உரிய அரகார்ன்? எதிரி நாட்டின் வாசலான கருங்கதவின் முன்னால் படையோடு நிற்கிறார், எதிரியின் பார்வையைத் திருப்புவதற்காக. அரச வாரிசு உயிரைப் பணயம் வைத்துத் தோட்டக்காரனுக்கு வழி ஏற்படுத்தித் தருகிறார். எவ்வளவு அழகான ஏற்பாடு!

சாதாரணர் கதைக்கும் ஒரு ஆபத்து உண்டு. பாதியில் அவரை ரகசிய இளவரசராக்கிவிட்டால், அதுவரை அவர் பட்ட பாடெல்லாம் பரம்பரைக் கணக்கில் போய்விடும்.