ஸ்டோரிவீவர்ல கதை படிக்கிறது: எல்கேஜில இருந்து செகண்ட் ஸ்டாண்டர்ட் வரைக்கும் எங்க வீட்டு அனுபவம்

பொண்ணு எல்கேஜில இருந்தப்ப ஆரம்பிச்சது, இப்ப செகண்ட் ஸ்டாண்டர்ட், இன்னும் ஓடிட்டு இருக்கு. குழந்தைங்க புக் போடற பிரதம் புக்ஸ் 2015ல ஆரம்பிச்ச ஸ்டோரிவீவர் சைட்தான் மெயின், காசே கிடையாது, தமிழ்லயே கதை கொட்டிக் கிடக்கு, பிடிஎஃப் இறக்கி டேப்ல போட்டுட்டா நெட் இல்லாத இடத்துலயும் படிக்கலாம்.

கதைகள நாலு லெவலா பிரிச்சிருப்பாங்க. லெவல் 1ன்னா 250 வார்த்தைக்குள்ள, 2ல 600 வரைக்கும், 3ல 1500 வரைக்கும், 4 அதுக்கும் மேல. எனக்குத் தெரிஞ்ச அம்மாக்கள் நிறைய பேர் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டத்தான் வருதுன்னு லெவல் 1லயே உக்கார வெச்சிடறாங்க. அது பிள்ளையே படிக்கறதுக்கு சரி, ஆனா நாம வாசிச்சுக் காட்டறதுக்கு தாராளமா லெவல் 3 எடுக்கலாம், ஏன்னா கண்ணால படிக்கறத விட காதால புரிஞ்சுக்கறது அதுங்களுக்கு ரொம்ப அதிகம், புது வார்த்தையும் அங்கதான் இருக்கு.

இன்னொன்னு, எங்க வீட்டுக்காரர் "சென்றான்"னு இருந்தா "போனான்"னு மாத்திதான் வாசிப்பாரு, மாமியார் அச்சுல இருக்கறத அப்படியே ராகம் போட்டு படிப்பாங்க. நான் மாமியார் கட்சி (இந்த ஒரு விஷயத்துல மட்டும்!). பேச்சுத் தமிழ் தெருவுலயே வந்துடும், எழுத்துத் தமிழ் வேற எங்க காதுல விழப் போகுது?

ஒரே கதைய திரும்பத் திரும்ப கேப்பா, நமக்கு வெறுத்துப் போயிடும், ஆனா விடாம படிங்க. வெள்ளத்துல எறும்பு தத்தளிக்கற கதை ஒண்ணு அப்படித்தான் ஓடிச்சு, "தத்தளிக்குது"ன்னா என்னன்னு யாரும் சொல்லித் தரல, ஒருநாள் காலைல தட்டுல சாம்பார கொஞ்சம் தாராளமா ஊத்திட்டேன், "அம்மா, இட்லி தத்தளிக்குது, காப்பாத்து"ங்கறா, ஸ்பூன வேற படகு மாதிரி நீட்டிட்டு.

நடுநடுவுல நிறுத்தி "இவன் ஏன் ஒளிஞ்சுக்கிட்டான், நீயா இருந்தா என்ன பண்ணுவ"ன்னு கேட்டு பேச வெக்கறது நல்லா வேலை செய்யுது, இதுக்கு டயலாஜிக் ரீடிங்னு பேரு, வைட்ஹர்ஸ்ட்னு ஒரு சைக்காலஜிஸ்ட்டும் கூட இருந்தவங்களும் 1988லயே இத ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க. ஆனா பக்கத்துக்குப் பக்கம் கேட்டா எழுந்து போயிடுவா. காசு கட்டி வாங்கின ஒரு ஃபிளாஷ்கார்டு ஆப்ல வார்த்தையெல்லாம் மனப்பாடமா ஒப்பிச்சா, பேச்சுல ஒண்ணு கூட வரல, தூக்கிட்டோம்.

ஸ்க்ரீன் வேணாம்னு நினைக்கறவங்களுக்கு கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துல குழந்தைங்க பிரிவு இருக்கு, நம்ம சென்னை துளிகா பதிப்பகத்துல தமிழும் இங்கிலீஷும் சேர்ந்தே இருக்கற புக்ஸ் வரும், ஜனவரி புக் ஃபேர்ல புரட்டிப் பாத்து வாங்கலாம். சனிக்கிழமை கூட்டத்துல மட்டும் பிள்ளைய கூட்டிட்டுப் போயிடாதீங்க.